தெற்குச் சுவரின் நிழல்

என் அம்மாவை நிழலிலிருந்து தூக்கி வெயிலில் போடச் சொன்னது நீங்கள்தான். உங்கள் அப்பா சொல்லவில்லை, மேஸ்திரி சொல்லவில்லை, நீங்கள் சொன்னீர்கள். அப்போது நீங்கள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தீர்கள், மீசை வைத்திருந்தீர்கள். சின்னப் பையன், தெரியாமல் சொல்லிவிட்டான் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

யார் அந்த அம்மா, எந்த நிழல் என்று படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அவித்த நெல்லின் வாசனை எங்காவது வந்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கால் சுடும். ஈரச் சாக்கையும் வைக்கோலையும் சேர்த்து வேகவைத்த மாதிரி, லேசாகப் புளித்த வாசனை அது. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகிற ரோட்டில், வேங்கிக்கால் பக்கம், அப்போது உங்கள் அப்பாவின் ரைஸ்மில் இருந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, மில்லின் வடக்குப் பக்கம் இருந்த பெரிய சிமென்ட் களத்தில் கொட்டிக் காயவைத்து, பிறகு அரைப்பார்கள். அம்மா அந்தக் களத்தில் வேலை செய்தாள். அப்பாவுக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மாதம் ஒரு முறை வருவார், சில மாதம் அதுவும் இல்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான்.

விடிந்ததும் ஆவி பறக்கிற நெல்லைக் களத்தில் பரப்ப வேண்டும். வெயில் ஏற ஏற அதன் மேல் வெறுங்காலால் கோடு போட்டதுபோல நடந்து நடந்து கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். செருப்புப் போட்டால் நெல் நசுங்கும் என்று மேஸ்திரி விடமாட்டார். களத்தைச் சுற்றி ஒரு மரம்கூடக் கிடையாது, மரம் வைத்தால் நெல்லில் நிழல் விழும், காக்கை எச்சம் போடும் என்று இருந்த ஒரு வேப்பங்கன்றையும் பிடுங்கிவிட்டார்கள். மேலே சூரியன், கீழே சூரியன் குடித்த சிமென்ட், நடுவில் என் அம்மாவும் அவளைப் போன்ற பெண்களும்.

வேலை முடிவதற்கு அங்கே கடிகாரம் கிடையாது, மலைதான் கடிகாரம். மில்லுக்குத் தென்மேற்கில் மலை. சூரியன் அதன் பின்னால் இறங்கினால் மலையின் நிழல் வயலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, மில்லின் மதிலேறிக் குதித்துக் களத்தில் படரும். நிழல் விழுந்த நெல் காயாது. அதைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் கிளம்பலாம். "மலை நெழலு வந்தா வூட்டுக்கு" என்பதுதான் அந்த மில்லின் சட்டம். கார்த்திகை, மார்கழியில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்கிக் கொஞ்ச நேரத்தில் அம்மா வந்துவிடுவாள். தெருவில் மலை நிழல் விழுந்ததுமே நான் அவள் காலில் ஊற்றுவதற்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவேன். இந்த ஊரில் மலை என்றால் எல்லோருக்கும் தீபம், கிரிவலம், பௌர்ணமிக் கூட்டம். எனக்கு மலை என்பது அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவைக்கிற ஆள்.

அந்த ஆள் வருடம் முழுக்க வேலைக்கு வரமாட்டார் என்பதுதான் எங்கள் கஷ்டம். தை பிறந்த பிறகு சூரியன் மறைகிற இடம் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகரும். பங்குனி வாக்கில் மலையின் வலது தோளில் இறங்கும். அதற்கப்புறம் மலையை விட்டே விலகி வெட்டவெளியில் போய் விழும். ஆனி மாதத்தில்தான் அது வடக்கே போகக்கூடிய கடைசி தூரம் போய் நிற்கும். அப்போது மலையின் நிழல் ஊர்ப் பக்கம், கோயில் கோபுரங்கள் பக்கம் போய்ச் சாயும், எங்கள் களத்துக்கு வராது. பகலும் அந்த மாதத்தில்தான் நீளம். ஆக, வருடத்திலேயே நீண்ட பகலில், நிழலே வராத களத்தில், சூரியன் முழுசாக மறைகிற வரைக்கும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கூலி மட்டும் மார்கழிக்கு என்னவோ அதேதான்.

முனியம்மா அத்தை அம்மாவோடு ஜோடி சேர்ந்து வேலை செய்தவள், வாய் அடங்காதவள். "பாத்தியா சரசு, மலையவே வெலைக்கு வாங்கிட்டாரு மொதலாளி. ஆனி வந்தா நெழல அந்தாண்ட திருப்பி வுட்டுர்றாரு" என்பாள். "மெதுவாப் பேசு யக்கா, மலை காதுல வுழுந்தா அடுத்த மாசமும் லீவு போட்டுரும்" என்பாள் அம்மா. இரண்டு பேரும் சிரிப்பார்கள், கால் மட்டும் நிற்காது.

இது சாயங்காலத்துக் கதை. மத்தியானக் கதை இன்னும் மோசம்.

மில் கட்டடம் கிழக்கு மேற்காக நீளமாக இருக்கும். வருடத்தின் பெரும்பகுதி உச்சி வேளையில் அதன் வடக்குச் சுவரோரம் நிழல் விழும், பெண்கள் அங்கே குந்திக்கொண்டு தூக்குப்போணியைத் திறப்பார்கள். சித்திரை பிறந்து சில நாட்களில் அந்த நிழல் மெலிந்து மெலிந்து காணாமல் போகும். சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்குப் பக்கம் சாய்ந்துவிடுவதுதான் காரணம். உச்சி வேளையில் நிழல் வடக்கே விழும் என்று படித்தவர்கள் பலரும் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் சித்திரையிலிருந்து ஆவணி தொடங்குகிற வரை அது தெற்கே விழுகிறது. நம்பாதவர்கள் ஆனி மாதத்து நடுப்பகலில் வெளியே வந்து தங்கள் தலையின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கட்டும்.

ஆக, வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த மாதங்களில் வடக்குச் சுவரோரம் துளி நிழல் இருக்காது. மில்லின் கிழக்குப் பக்கம் உமி எரிக்கிற அடுப்பும் சாம்பல் மேடும், அங்கே நிழல் இருந்தாலும் உட்கார முடியாது. இருந்த ஒரே நிழல் தெற்குச் சுவரோரம், ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு பட்டை. அந்தப் பக்கம் முதலாளியின் வீடு, வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில் முற்றம். களத்துப் பெண்கள் அங்கே கால் வைக்கக்கூடாது. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையும் இல்லை.

ஒரு தடவை முனியம்மா அத்தை துணிந்து கேட்டாள். நானும் அன்று கூட இருந்தேன். "ஐயா, இந்த ஒரு மாசத்துக்கு, சோறு துன்ற நேரம் மட்டும், அந்தாண்ட சொவரோரம் குந்திக்கிறோம்." முதலாளி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆடி பொறக்கட்டும். சூரியன் திரும்பிடும், வெயிலும் கம்மியாயிடும். அதுவரைக்கும் பொறுத்துக்க முடியாதா?" அவ்வளவுதான் பதில். பெண்களும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள். ஆடி ஒன்றாம் தேதிதான் சூரியன் தெற்கே திரும்புகிறது என்பதில் அவர்களுக்கும் சந்தேகம் இல்லை. பஞ்சாங்கம் அப்படித்தான் சொல்கிறது. கோயிலில் ஆனித் திருவிழாவுக்குக் கொடியேறி, சாமி மாட வீதி சுற்றி, ஆடி பிறக்கிற அன்று தீர்த்தவாரியோடு முடிகிறது. ஊரே சேர்ந்து கொண்டாடுகிற ஒன்றை யார் சரிபார்ப்பார்கள்?

நான் சரிபார்த்தேன். அதற்குக் காரணம் அறிவு இல்லை, அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஆசை. ஏழாம் வகுப்பில் அறிவியல் டீச்சர், ஜூன் இருபத்தொன்றாம் தேதிதான் நீண்ட பகல், அன்றைக்குச் சூரியன் கடக ரேகைக்கு மேலே நிற்கும், அதன் பிறகு தெற்கே திரும்பும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு அடுத்த பாடம் காதில் ஏறவில்லை. ஜூன் இருபத்தொன்று என்றால் ஆனி தொடக்கம், ஆடி பிறக்க இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. அப்படியானால் யார் சொல்வது உண்மை?

மலை நிழல் வராத மாதங்களில் தினமும் சாயங்காலம் நான் மில் கேட்டுக்குப் போய், இடது பக்கத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருப்பேன். அங்கிருந்து மேற்கே பார்த்தால் வயலுக்கு அப்பால் ஒற்றைப் பனைமரம் தெரியும். வைகாசி முழுக்க சூரியன் அந்த மரத்தைத் தாண்டி வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆனி பிறந்ததும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. எத்தனை நாள் பார்த்தாலும் அதே இடம்தான், வேலை செய்து களைத்த மாடு மாதிரி நகர மறுத்தது. பிறகு ஒரு நாள் மரத்தை நெருங்கி வந்த மாதிரி இருந்தது. என் கண்தான் பொய் சொல்கிறதோ என்று பேசாமல் இருந்தேன். கோயிலில் கொடியேறிய மறுநாள் சூரியன் பனையின் உச்சிக்குப் பின்னால் இறங்கியது. மரத்தின் மட்டைகள் எரிவது மாதிரி தெரிந்தன. அது மலையை நோக்கித் திரும்பிவிட்டது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவிடம் சொன்னேன்.

"எம்மா, சூரியன் திரும்பிடுச்சு."

"ஆடி பொறக்காம எப்டிடி திரும்பும்? கொடியே நேத்துதான ஏறிச்சு."

"நெஜமா திரும்பிடுச்சும்மா. பனமரத்தாண்ட வந்துடுச்சு, நான் பாத்தேன்."

"அப்டின்னா நீயே போய் மொதலாளிகிட்ட சொல்லு. பஞ்சாங்கம் தப்பு, எங்கம்மாவ சீக்கிரம் வுட்டுருன்னு" என்று சிரித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "எப்டியோ வந்தா சரி. இருட்டறதுக்குள்ள ஒனக்கு சோறு ஆக்கிப் போடலாம்" என்றாள். அம்மா என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சுகளில் இது ஒன்று.

மறுநாள். இன்னும் இரண்டு நாளில் திருவிழாவில் முதலாளியின் உபயம். அன்னதானத்துக்கு அவர் மில் அரிசி போக வேண்டும், அதனால் களத்தில் வழக்கத்தைவிட நெல் ஜாஸ்தி. பள்ளிக்கூடம் மில்லுக்குப் பக்கம்தான். சத்துணவில் முட்டை போடுகிற நாட்களில் நான் அதைத் தின்னாமல் எடுத்துக்கொண்டு மத்தியான மணி அடித்ததும் அம்மாவிடம் ஓடுவேன், பாதிப் பாதி தின்போம். அன்றும் ஓடினேன். வடக்குச் சுவரோரம் யாரும் இல்லை. களத்தில் ஒரு இடத்தில் மட்டும் நெல் கலைந்து கிடந்தது, யாரையோ இழுத்துப்போன மாதிரி. மேஸ்திரி கையை நீட்டி முதலாளி வீட்டுப் பக்கம் காட்டினார். சாம்பல் மேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அந்த முற்றத்தில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

தெற்குச் சுவரோரம், அந்தப் பட்டை நிழலில், அம்மா படுத்திருந்தாள். கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே சுருண்டு விழுந்திருக்கிறாள். முனியம்மா அத்தையும் இன்னும் இரண்டு பெண்களும் சட்டம் எதையும் யோசிக்காமல், நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே தூக்கிப் போயிருக்கிறார்கள். நெற்றியில் கை வைத்தேன், களத்துச் சிமென்ட் மாதிரி சுட்டது. துளி வியர்வை இல்லை. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. "நெழலு வந்துடுச்சா? நெழலு வந்துடுச்சா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் கோயிலுக்குப் போக வேண்டிய அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அப்போதுதான் நீங்கள் வெளியே வந்தீர்கள்.

"யாரு இவங்கள இங்க வுட்டது? கோயில் சாமான் வெச்சிருக்கறது கண்ணு தெரியல? தூக்குங்க. கேட்டாண்ட கொண்டும்போய்ப் போடுங்க."

"தம்பி, சுயநெனவு இல்லாம கெடக்கறா தம்பி. கொஞ்ச நேரம். ஒரு சொம்பு தண்ணியாவது..." என்றாள் முனியம்மா அத்தை.

"அண்டாவத் தொடாத! தண்ணியெல்லாம் வெளியில போய்க் குடு."

ஒரு எழுத்து நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இத்தனை வருடமாக இதை நான் எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், மறக்க வழியே இல்லை.

தூக்கினார்கள். கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் கிடத்தினார்கள். அங்கே நிழல் கிடையாது. ஆட்டோ பிடிக்க ஒருத்தி ஓடினாள், திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. முனியம்மா அத்தை தன் முந்தானையை நனைத்து அம்மாவின் மேல் போட்டாள், போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் வெயில் படாமல் மறைக்கலாம் என்று நான் எழுந்து நின்றேன். எந்தப் பக்கம் நின்றாலும் என் நிழல் என் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. அவள் முகம் வரைக்கும் நீளவில்லை.

மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியில் அம்மா செத்துப்போனாள்.

முதலாளி எங்கள் தெருமுனை வரை வந்தார், உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "உத்தராயணம் முடியறதுக்குள்ள போய்ச் சேந்துட்டா. அதுவும் அண்ணாமலையார் மண்ணுல, சாமி வீதி வர்ற நேரத்துல. யாருக்குடா கெடைக்கும் இந்த பாக்கியம்? புண்ணியவதி." தெருவே தலையாட்டியது. பெங்களூரிலிருந்து வந்திறங்கிய அப்பா தலையாட்டினார். என் சித்தி அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள். ஏன் விழுந்தாள், யார் தூக்கச் சொன்னது, தண்ணீர் ஏன் கொடுக்கவில்லை என்று ஒருத்தர் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துபோனது. "சூரியன் எப்பவோ திரும்பிடுச்சு" என்று நான் கத்தினேன். சித்தி என் வாயைப் பொத்தி வீட்டுக்குள் இழுத்துப் போனாள்.

பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பம்பரம் சுற்றும்போது அதன் தலையும் மெதுவாக வட்டம் போடுகிறதே, அந்த மாதிரி பூமியின் அச்சும் ஆடிக்கொண்டிருக்கிறது. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்குப் போடுவதால், பல நூறு ஆண்டுகளில் அந்தக் கணக்கும் வானமும் மெல்ல மெல்ல விலகிவிட்டன. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தது உண்மைதான். இன்றைக்கு ஆடி பிறப்பதற்கு மூன்று வாரத்துக்கு மேல் முன்பாகவே சூரியன் திரும்பிவிடுகிறது. இதில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கோயில் தன் வழக்கப்படி நடக்கட்டும், பஞ்சாங்கம் தன் கணக்கைச் சொல்லட்டும். உத்தராயணத்தில் செத்தால் மோட்சம் என்பதையும் நான் நம்புகிறவள் இல்லை. அதை உங்கள் அப்பா ஒரு சாவின் மேல் தார்ப்பாய் மாதிரி இழுத்துப் போர்த்தினாரே, அதுதான் என் கோபம்.

அந்தக் கோபத்தையும் ஒரு ஓரமாக வைத்துவிட்டுத்தான் இருந்தேன். உங்கள் அப்பா சில வருடத்துக்கு முன் மார்கழிக் கடைசியில் காலமானார். பஞ்சாங்கப்படி தை பிறக்கவில்லை, தட்சிணாயனம் முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று இந்த ஊரில் பல பேருக்குத் தெரியும். "சயின்ஸ்படி டிசம்பர்லயே சூரியன் திரும்பிடுச்சு. அப்பா உத்தராயணத்துலதான் போனாரு" என்றீர்கள். உங்கள் அப்பாவுக்கு வானம். என் அம்மாவுக்குப் பஞ்சாங்கம்.

இப்போது நான் வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் உங்கள் விடுதியிலிருந்து ஒரு பெண் கலர் பிரின்ட் எடுக்க ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். ஆண்டின் நீண்ட பகலைக் கொண்டாடும் விழா. மில் இருந்த இடம்தான் இப்போது தியானக் கூடத்தோடு உங்கள் விடுதி, ஆசிரமத்துப் பக்கம் இடம் கிடைக்காத வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வந்து தங்குகிறார்கள். நோட்டீஸில் இப்படி இருந்தது: தலைமுறை தலைமுறையாக இந்தக் களத்தில் எங்கள் பெண்கள் சூரியனை வணங்கி, நெல்லின் மேல் வெறுங்காலால் நடந்து தியானம் செய்துவந்தார்கள், அந்த மரபை நீங்களும் அனுபவியுங்கள். விடியற்காலை, சிமென்ட் சுடுவதற்கு முன்னால், கொஞ்சம் நெல்லைப் பரப்பி விருந்தினர்களை நடக்கவைப்பார்களாம். பிறகு பழச்சாறாம்.

கேட்ட பிரதிகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் தொழில் அது, அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை. கடையைச் சாத்திவிட்டு நேராக அங்கே போய்ப் பார்த்தேன். கேட்டின் தூண்கள் இல்லை. பனைமரம் இல்லை, வயலும் இல்லை. மேற்கே அடுக்கடுக்காக லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள், சூரியன் எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லை. மலை நிழல் வருவதற்கு முன்பே லாட்ஜின் நிழல் வந்துவிடும், அதைப் பார்த்து வீட்டுக்குப் போகிறவர்களும் யாரும் இல்லை. களத்தில் பாதி புல்தரை. மில்லின் பழைய சுவர்களை மட்டும் இடிக்காமல் வெள்ளையடித்து வைத்திருக்கிறீர்கள். தெற்குச் சுவர் அப்படியே இருக்கிறது. அதன் ஓரம் நாற்காலி போட்டிருக்கிறீர்கள்.

முனியம்மா அத்தை உயிரோடு இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். "தியானமா? பாதம் கொப்பளிச்சு சீழ் வெச்சதுக்குப் பேரு தியானமாடி? கேளு. நான் வரேன். என்னையும் ஆட்டோல ஏத்திக்கினு போ" என்றாள்.

அதனால் கேட்கிறேன். பஞ்சாங்கம் தப்பா சரியா என்று உங்களிடம் கேட்கவில்லை. என் அம்மா எங்கே போனாள் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். உயிர் ஊசலாடிய ஒரு பெண்ணை, இருந்த ஒரே நிழலிலிருந்து ஏன் தூக்கச் சொன்னீர்கள்? அந்த அண்டாக்களுக்கும் அவளுக்கும் என்ன பகை? இதற்கு மட்டும் பதில் வேண்டும். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். உங்கள் விழா அன்று, விருந்தினர்களும் ஊர்க்காரர்களும் கூடியிருக்கும்போது, மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். நானும் முனியம்மா அத்தையும் உச்சி வேளைக்கு வந்து களத்தில் நிற்போம். வெயில் எங்களுக்குப் பழக்கம். நீங்கள் தெற்குச் சுவரோரம் நின்றே பதில் சொல்லலாம். அந்த நேரத்தில் அங்கே நிழல் இருக்கும்.